பன்னிரண்டு கிளாஸ்களும் ஒரு சம்பந்தியும்

"கிளாஸ் அடியில ஒட்டியிருந்த சீட்டெல்லாம் எங்கே?"

"எந்தச் சீட்டு?" என்றாள் மனைவி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

"ஒவ்வொண்ணுலயும் எழுதி ஒட்டியிருந்தேனே! விஸ்கி, பிராந்தி, ஒயின்னு."

"அதுவா? கடைச் சீட்டுன்னு நெனச்சேன். வெந்நீர்ல ஊறப் போட்டு, நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். உசுரே போயிடுச்சு. என்ன பசைங்க அது?"

கண்ணாடிக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் பன்னிரண்டு கிளாஸ்கள் பளபளவென்று, ஒரு தடயமும் இல்லாமல், குற்றமே செய்யாதவை போல நின்றன.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபத்தெட்டு வருட அனுபவம். வாசலில் ஆள் நுழையும்போதே அந்த முகத்துக்கு வட்டச் சட்டமா, சதுரச் சட்டமா என்று சொல்லிவிடுவார். ஆனால் எந்தக் கிளாஸில் எந்தச் சரக்கை ஊற்ற வேண்டும் என்பது அவர் படித்த படிப்பில் வரவில்லை. கல்லூரியில் படித்தபோது ஒரே ஒருமுறை அரை டம்ளர் பீர் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியதோடு அந்த அத்தியாயம் முடிந்திருந்தது.

அதை மறுபடி திறந்து வைத்தவன் மைத்துனன். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தாள். பையனின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அப்பா முப்பது வருஷம் கப்பலில் இன்ஜினியர்.

"கப்பல்காரரா?" என்று மைத்துனன் எழுந்தே நின்றுவிட்டான். "மாமா, அவர் கடல் தண்ணியைப் பார்த்ததைவிட இந்தத் தண்ணியைத்தான் அதிகமா பார்த்திருப்பார். நீங்க பாட்டுக்கு மோரைக் கொடுத்து அனுப்பிடாதீங்க. நம்ம பொண்ணு வாழப் போற வீடு!"

மூன்று பாட்டிலும் ஆறு ஜோடி கிளாஸும் வந்து இறங்கின. மைத்துனன் மூன்று வருஷம் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கண்ணாடிக்காரர் இப்போது அவனைப் போனில் பிடித்தார்.

"பதறாதீங்க மாமா. அடி கனமா, குட்டையா நிக்குதே, அது விஸ்கிக்கு. ஒல்லியா நெட்டையா இருக்கறது ஷாம்பெயினுக்கு. வயிறு பெருத்து, கால் குட்டையா இருந்தா பிராந்தி. வயிறு பெருத்து, கால் நீளமா இருந்தா சிவப்பு ஒயின். அதே மாதிரி, ஆனா கொஞ்சம் இளைச்சிருந்தா வெள்ளை ஒயின். கைப்பிடி இருக்கறது பீர்."

"கிளாஸைச் சொல்றானா, நம்ம சொந்தக்காரங்களைச் சொல்றானா?" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கும் சின்ன ஸ்கேலை எடுத்து வந்து, குனிந்து, ஒவ்வொரு கிளாஸின் வாயையும் வயிற்றையும் அளக்கத் தொடங்கினார். ஏழாவது கிளாஸை அளக்கும்போது வாசல் மணி அடித்தது. அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர் துள்ளி எழுந்த வேகத்தில் முழங்கை மேஜையில் இடித்தது. கிளாஸ் எதுவும் உடையவில்லை. பிரித்து வைத்த வரிசைதான் கலைந்து மொத்தமாக ஒன்றாகிவிட்டது.

கப்பல்காரர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். அவர் மனைவி புன்னகையோடு சரி. பார்த்த உடனே கண்ணாடிக்காரர் உஷாரானார். இப்படிப் பேசாதவர்கள்தான் எல்லாவற்றையும் கவனிப்பார்கள்.

"சார், சாப்பாட்டுக்கு முன்னாடி... ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டுப் பாட்டில்களைக் காட்டினார்.

கப்பல்காரர் பாட்டில்களைப் பார்த்தார். அணிவகுத்து நின்ற பன்னிரண்டு கிளாஸ்களையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க இஷ்டம் சார். நீங்க எது சொல்றீங்களோ அது."

பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. வயிறு பெருத்த ஒன்றில் சிவப்பு ஒயினை ஊற்றி நீட்டினார். விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடக் கூடாது என்பதால் தனக்கும் அதே மாதிரி ஒன்று.

கப்பல்காரர் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்தார். கண்ணை மூடி, உதட்டை மட்டும் நனைத்து, ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷத்துல, இந்த மாதிரி கிளாஸ்ல நான் குடிச்சதே இல்லை" என்றார்.

பிறகு மனைவி பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார்.

கண்ணாடிக்காரர் சமையலறைக்கு ஓடினார்.

"கால் குட்டையா இருந்துச்சா மாமா?" என்றான் மைத்துனன் போனில்.

"ஆமாடா."

"போச்சு! அது பிராந்தி கிளாஸ். அவர் நாகரிகமா குத்திக் காட்டறார். உடனே மாத்துங்க!"

ஓடி வந்து, "மன்னிக்கணும் சார், தப்பாயிடுச்சு" என்று கப்பல்காரர் முன்னாலிருந்த கிளாஸைப் பிடுங்காத குறையாக எடுத்து, நீளக் கால் கிளாஸில் மாற்றிக் கொடுத்தார். தன்னுடைய கிளாஸையும் மாற்ற வேண்டுமே என்று, அதிலிருந்ததை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, தனக்கும் நீளக் கால் கிளாஸில் ஊற்றிக்கொண்டார்.

இந்த முறை கப்பல்காரர் கிளாஸின் காலை இரண்டு விரலால், தெர்மாமீட்டரைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். குடிக்கவில்லை. கண்ணாடிக்காரரின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்குக் கை நடுங்கிக் கிளாஸ் ஆடியது. கப்பல்காரரும் தன் கிளாஸை மெதுவாக ஆட்டினார். அது தளும்பி வெள்ளைச் சட்டையில் சிவப்பாக இறங்கியது.

மறுபடியும் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"இளைச்சதுல ஊத்திட்டேன் போலிருக்குடா. தளும்பிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர், மறுபடி சமையலறைக்கு ஓடிப் போய்ப் போனில்.

"ஐயையோ, வெள்ளை ஒயின் கிளாஸா! மாமா, ஒயினே வேண்டாம், கௌரவமா விஸ்கிக்கு வந்துடுங்க. குட்டைக் கிளாஸ். அதுல தப்பே வராது."

"அவ்வளவு பெரிய ஓட்டல்ல இருந்தவன் நீ, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஆமா, அங்க நீ எந்த செக்‌ஷன்?"

"சலவை" என்றான் மைத்துனன். "ஆனா மேஜைத் துணியில இருக்கற கறையைப் பார்த்தே எந்த கிளாஸ்னு சொல்லிடுவேன் மாமா."

திட்ட நேரமில்லை. கண்ணாடிக்காரர் இரண்டாவது முறையாகக் கிளாஸை வாங்கிக்கொண்டார். குட்டைக் கிளாஸில், வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தில், விளிம்பு வரை விஸ்கியை ஊற்றினார். தன்னுடையதையும் அப்படியே.

கப்பல்காரரின் முகம் வெளுத்தது. "இவ்வளவுதானா... இல்ல, இவ்வளவுமா?" என்றார்.

கண்ணாடிக்காரர் காதில் விழுந்தது முதல் வார்த்தைதான். அதற்குள் அவர் வயிற்றில் ஒரு முழுக் கிளாஸ் ஒயினும், பதற்றத்தில் விழுங்கிய மூன்று மடக்கு விஸ்கியும் போய்ச் சேர்ந்து, அறை லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. 'இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதா' என்று ஊரையே கேட்டவருக்கு, இப்போது எதிலுமே தெளிவாகத் தெரியவில்லை.

"பத்தாதுன்னு சொல்லுங்க சார், நமக்குள்ள என்ன கூச்சம்!" என்று கைப்பிடி வைத்த பீர் மக்கை எடுத்தார். குட்டைக் கிளாஸில் இருந்ததை அதில் கவிழ்த்தார். பாட்டிலையும் கவிழ்த்தார். "இதைப் பிடிச்சுக்க வசதியா இருக்கும்."

கப்பல்காரர் மக்கின் கைப்பிடியைப் பிடித்தார். விட்டார். இரண்டு கையாலும் பிடித்தார். மனைவியின் காதில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, "கொஞ்சம் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்து, குளியலறைக்குப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. மகளுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போன் செய்வது? 'உன் கல்யாணம் நின்னு போச்சும்மா, உங்கப்பனுக்கு வயித்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியல' என்றா? இத்தனை நாள் தன்னை விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் போலிருந்ததால் அடக்கிக்கொண்டார்.

அந்த அம்மாவின் எதிரே போய்க் கைகூப்பி நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நான் குடிக்கறவனே இல்லை. சார் உங்க காதுல சொல்லிக்கிட்டே இருந்தாரே, அவருக்கு எந்த கிளாஸ்தான் பிடிக்கும்? நீங்களாவது சொல்லிடுங்க, எங்க இருந்தாலும் வாங்கிட்டு வந்துடறேன்."

அந்த அம்மா குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணா, அவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு வாயில வச்சதில்லை, நீங்க ஒவ்வொரு தடவை கிளாஸைப் பிடுங்கிட்டுப் போறப்பவும், 'நான் பிடிச்ச விதம் தப்பு போலிருக்கு, பையன் கல்யாணம் என்னாலதான் நிக்கப் போகுது'ன்னுதான் என் காதுல சொல்லிக்கிட்டே இருந்தாரு!"