அறியாமைச் சான்று

‘அதிகம் அறியப்படாத நற்கல்லூரிகளைக் கண்டறிந்து மாணவர்க்கு அறிவிக்கும் திட்டம்’ என்று ஓர் ஆணை வந்தபோது, வெள்ளாங்கரை பொறியியல் கல்லூரியின் சிவில் துறைத் தலைவர் பாபநாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னே? பன்னிரண்டு வருடமாக உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறார்; அம்பாசமுத்திரம் தாண்டினால் ஒருத்தருக்கும் அந்தக் கல்லூரி தெரியாது. போன வருடம் சிவிலில் சேர்ந்தது பதினாலு பேர். இந்த வருடம் பதினைந்து பேர் சேராவிட்டால் துறைக்குப் பூட்டு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அந்தத் திட்டத்துக்கான திருநெல்வேலி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கோபாலசுப்பிரமணியன், பாபநாசம் கொண்டுபோன விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“நல்ல கல்லூரிங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. அறியப்படாததுங்கிறதுக்கு ஆதாரம் எங்கே சார்?”

“உங்களுக்கே தெரியாதே சார்!”

“இப்போ தெரிஞ்சுபோச்சே! விதி ஏழின்படி, பொதுமக்கள் நூறு பேர் ‘இக்கல்லூரியை யாம் அறியோம்’னு கையொப்பமிட்ட அறியாமைச் சான்று வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள.”

பாபநாசம் நேரே வண்ணார்பேட்டைக்குப் போய், ஜூஸ் கடை பேச்சிராஜிடம் தாளை நீட்டினார்.

“எந்தக் காலேஜ் சார் தெரியாதுன்னு போடணும்?”

“வெள்ளாங்கரை.”

“அது எங்கன இருக்கு? பாடம்லாம் நல்லா நடத்துதாங்களா?”

கேட்டதுதான் தாமதம். ஆய்வுக்கூடம், ஆசிரியர்கள், வேலைக்குப் போன பிள்ளைகள் என்று பாபநாசம் கால்மணி நேரம் கொட்டித் தீர்த்தார். பேச்சிராஜ் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இப்பதான் எனக்கு நல்லாத் தெரியுதே சார்! தெரியாதுன்னு போட்டா பொய்லா?”

அன்றோடு பாபநாசம் வாயைக் கட்டினார். கல்லூரியைப் பற்றி யார் கேட்டாலும் மூச்சு விடுவதில்லை. ஓர் அம்மா, “எம் மவனுக்குச் சிவில் சீட்டு வேணும், நல்ல காலேஜ் ஒண்ணு சொல்லுங்க சார்” என்று கெஞ்சியே கேட்டாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். பாவி மனுஷன்! துறையைக் காப்பாற்ற வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளி மதியம் தொண்ணூற்றொன்பது ஆயிற்று. சாப்பிட வீட்டுக்கு வந்தால், மகள் ப்ரியா கம்ப்யூட்டர் முன்னால் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் சிவில்தான் படிப்பேன் என்று நிற்பவள்.

“தாளைக் கொண்டாங்கப்பா, நான் போடுதேன்.”

“ஒனக்குத்தான் தெரியுமே, நீ எப்படிட்டி போடுவ?”

“நீங்கதான உக்காந்து அறுபத்துநாலு காலேஜ் போட்டுக் குடுத்தீங்க? அதுல வெள்ளாங்கரை இல்லையே. அப்ப உங்களுக்கே தெரியாத காலேஜ் எனக்கு எப்படித் தெரியும்?”

பாபநாசம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தாளை நீட்டினார். பட்டியலைத் திருத்தச் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்குக் கோபாலசுப்பிரமணியன் கையெழுத்துகளை எண்ணினார்.

“நூறாவது யாரு?”

“எம் மக.”

“பிரமாதம்! இதைவிட உறுதியான சான்று இந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை.” முத்திரை குத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் பையன் சாய்கிருஷ்ணனுக்கும் இந்த வருஷம்தான் சார். அவனும் சிவில்தான் கேக்கறான். நல்ல காலேஜா ஒண்ணு சொல்லுங்களேன். நாலு பேருக்குத் தெரிஞ்சதா இருக்கட்டும்.”

பாபநாசம் மகளின் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரைச் சொன்னார்.

அதிகம் அறியப்படாத நற்கல்லூரிகளின் அரசுப் பட்டியல் வெளியானது. முதல் இடம் வெள்ளாங்கரைக்கு. அந்த வருடமும் சிவிலில் சேர்ந்தது பதினாலு பேர்தான்.