ராகு விட்டான், சாமி விடவில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மார்ச் மாதம் சூரியனுக்குப் பெரிய ஆபத்து வந்திருந்தது. ராகு விழுங்கப் போகிறான். இந்தச் செய்தி சூரியனுக்குத் தெரியுமோ என்னவோ, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. சொன்னவர் கிரகக்கட்டுச் சாமி.

சாமியின் பழைய பெயர் சன்னாசி. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி இறக்கும் லாரியில் மூட்டை தூக்கியவர். மலை வளைவொன்றில் வாந்தி எடுத்தபோது ஞானம் பிறந்ததாகச் சொல்வார். வாந்திக்குச் சாட்சி உண்டு.

கிரகணத்தின்போது ராகு கர்ப்பிணிகளைத் தேடி வருவான், வயிற்றுப் பிள்ளையை ஊனமாக்குவான் என்றார் சாமி. தப்பிக்க ஒரே வழி, அவர் மந்திரக்கட்டுப் போட்ட கூரையின் கீழ் படுத்திருப்பது. அந்தக் கூரை, மூடிக்கிடந்த தோட்டத்து ஆயாக்கொட்டகை. தாய்மார் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்சென்ற தகரக் கொட்டகை. விடிந்ததிலிருந்து சோறு தண்ணீர் கூடாது. காணிக்கை ஒரு சேவல், ஒரு சேலை. ராகு சேலை கட்டுவானா என்று யாரும் கேட்கவில்லை.

அத்தாட்சியும் வைத்திருந்தார். பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்துவார். நின்றால் ராகு பிடித்திருக்கிறான். விழுந்தால் விட்டுவிட்டான். இவ்வளவு எளிமையான கருவி அமெரிக்கக்காரனிடம்கூட இல்லை.

நல்லம்மாள் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எட்டு மாதக் கர்ப்பிணி. மாமியார் இருளாயி சாமியிடம் போக வேண்டும் என்றபோது முதலில் சிரித்தாள்.

“நிலா சூரியனுக்குக் குறுக்கே போகுது அத்தே. அதோட நிழலு நம்ம மேல விழுது, அவ்வளவுதான். பஸ் லைட்டுக்கு முன்னால ஒருத்தன் நடந்து போனா, பஸ்ஸயே முழுங்கிட்டான்னா சொல்வோம்?”

“போன பிள்ளைக்கும் நீ இப்படித்தான் வெளக்கம் சொன்ன” என்றாள் இருளாயி.

முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. பஸ் ஓட்டும் கணவன் கார்த்திகேசு அன்றிரவு மெதுவாகச் சொன்னான்: “அம்மா சரியா சாப்பிடக்கூட இல்ல. ஒரு காலைதான லா. போயிட்டு வந்துரு.”

போனாள்.

கொட்டகைக்குள் கர்ப்பிணிகள் வரிசையாகப் பாயில் படுத்திருந்தார்கள். ஜன்னல்களைச் சாக்குப்போட்டு மறைத்திருந்தார்கள். வெளியே கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆனால் கிழக்குத் தகரச் சுவரில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. சாமியின் மந்திரக்கட்டு அவற்றைக் கவனிக்கவில்லை. அவற்றின் வழியே வந்த வெயில் எதிர்ச்சுவரில் வட்ட வட்டமாக விழுந்தது.

நல்லம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வட்டங்களில் ஓரம் குறைந்தது. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். பக்கத்தில் படுத்திருந்த காளியம்மாவைத் தட்டினாள்.

“அங்க பாரு.”

“ஐயோ அக்கா, பாத்தா கண்ணு போயிரும்!”

“வானத்தப் பாத்தாதான் போகும். நாம செவுத்தைத்தான பாக்குறோம். ஒவ்வொரு ஓட்டையும் சூரியனோட படத்த உள்ள அனுப்புது.”

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் படுத்தார்கள். சுவர் முழுக்கப் பிறைச் சூரியன்கள். சாமி இருட்டாக்கிக் கொடுத்த கொட்டகை, பேராக்கிலேயே நல்ல கிரகணக் கூடமாகிவிட்டது. பிறைகள் மெலிந்தன. பிறகு பருத்தன. கடைசியில் எல்லாம் முழு வட்டமாகின. ராகு யாருடைய வயிற்றையும் தொடாமல் போய்விட்டான்.

வெளியே சாமிக்கு அது தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். உறவினர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் கட்டியிருந்த கூடாரத் துணியின் கீழ் குனிந்திருந்தார்கள்.

“உலக்கை விழல! ராகு பலமா புடிச்சிருக்கான்! யாரோ காணிக்கையில கொற வச்சிருக்கீங்க!” என்றார் சாமி.

ஆண்கள் இன்னும் சேவல் பிடிக்க ஓடினார்கள்.

தகரம் சூடேறியது. நா வறண்டு கிடந்த காளியம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். அப்படியே சரிந்தாள். நல்லம்மாள் கதவைத் தட்டினாள்.

“கிரகணம் முடிஞ்சிருச்சு சாமி! ஒருத்தி மயக்கம் போட்டுட்டா, தொறங்க!”

“உலக்கை இன்னும் நிக்குது தாயி. தொறந்தா பிள்ளைங்களுக்கு நான் பொறுப்பில்ல.”

நல்லம்மாளின் கை தானாக வயிற்றுக்குப் போனது. போன பிள்ளை நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது. மறுபடி சுவரைப் பார்த்தாள். எல்லாம் முழு வட்டம். மற்றப் பெண்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்தார்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளியதில் கயிறு அறுந்தது.

“உள்ள போடி! தலைய மூடு!” என்று அலறினாள் இருளாயி.

“மொதல்ல தண்ணி கொண்டாங்க!”

கார்த்திகேசு தண்ணீரோடு ஓடிவந்தான். காளியம்மா இரண்டு மடக்குக் குடித்துக் கண் திறந்தாள்.

“பாத்தீங்களா, உலக்கை நிக்குது! ராகு இன்னும் போகல!” என்று கத்தினார் சாமி.

“தரையப் பாருங்க” என்றாள் நல்லம்மாள். கூடாரத் துணியின் கிழிசல்கள் வழியே வெயில் விழுந்திருந்தது. “சின்னச் சின்ன ஓட்டை வழியா விழுந்ததப் பாருங்க. எல்லாம் உருண்டையா இருக்கு. ராகு கடிச்சது ஒண்ணு காட்டுங்க.”

சாமி மறுபடி உலக்கையைத்தான் காட்டினார். அவள் தட்டருகே போய் உலக்கையைத் தூக்கினாள். கூட்டம் மூச்சைப் பிடித்தது. மறுபடி வைத்தாள். ஆடியது. பிடித்து நிதானப்படுத்தி விட்டாள். நின்றது.

“ராகு போயிட்டான். இது ஏன் நிக்குது? அடி தட்டையா இருக்கு, அதான் நிக்குது. நேத்தும் நின்னிருக்கும், நாளைக்கும் நிக்கும்.”

கார்த்திகேசு வைத்தான். முதலில் விழுந்தது, பிறகு நின்றது. அப்புறம் இருளாயி வந்தாள். வாழ்நாளெல்லாம் உலக்கை பிடித்த கை. ஒரே தடவையில் நிறுத்திவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் பொஹோங்கா?” என்றாள். பிறகு சாமியின் பக்கம் திரும்பினாள். “பொய்யாய்யா சொன்ன? என் சேவலக் குடுய்யா!”

அதன்பின் எல்லாருக்கும் அவரவர் சேவல் நினைவுக்கு வந்தது. கூடைகள் கவிழ்ந்தன. சேவல்கள் பறந்தன. அந்த அமளியில் சாமி மரச்செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஓடும்போதும் தொழிலை மறக்கவில்லை: “பிள்ளைங்க பொறக்கட்டும்! அப்பத் தெரியும்!”

அந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டம் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துச் சென்றது. சேவலைத் திரும்ப வாங்கியவர்களால் பயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள். ஈப்போ மருத்துவமனையில் நல்லம்மாளுக்குப் பெண் பிறந்தது. இருளாயி உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

“முழுசா இருக்கா” என்றாள். நல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “போன பிள்ளைக்கு உன்னயப் பழி சொல்லிட்டேன்மா.” அழுதாள். நல்லம்மாளும் அழுதாள்.

சன்னாசி இப்போது லூமுட்டில் இருப்பதாகக் கேள்வி. மீனவர்களுக்குச் சனியைப் பிடித்துத் தருகிறாராம். நல்ல கூட்டமாம்.

சூரியனும் நிலாவும் நூறு வருடம் கழித்து எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை இன்றைக்கே கணக்குப்போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நம் மூளை எங்கே இருக்கும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.