நேரில் வா, உண்மை விளம்பி!

கிள்ளான் பண்டமாரானில் வரிசை வீடுகளின் கடைசி வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோழர் பக்கிரிசாமி பொதுக்கூட்டம் கூட்டினார். தலைமை அவர். சிறப்புரையும் அவர். கூட்டம் அவருடைய மனைவி லோகேஸ்வரி. அந்தக் கூட்டமும் முழுமையாகத் திரளவில்லை. பாதி, அடுப்பில் காய்ந்த எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தீபாவளிக்குள்," என்று அவர் குரலை உயர்த்தினார், "‘அடிபணியாத ஆண்டுகள்’ ஐந்நூறு பிரதியும் ஃபேஸ்புக் வழியே விற்றுத் தீரும்! ஒரு சென் தள்ளுபடி கிடையாது. இலவச இணைப்பு கிடையாது. தீபாவளி சேல் என்கிற முதலாளித்துவச் சூழ்ச்சிக்கு இந்தப் புத்தகம் பலியாகாது. இது தீர்மானம்!"

"யாரு வழிமொழியறது?" என்றாள் லோகேஸ்வரி.

"நீதான்."

"அப்ப எங்கிட்ட ஒரு திருத்தம் இருக்கு. தீபாவளிக்குள்ள தீரலைன்னா, மறுநாள் பழைய பேப்பர் லோரியைக் கூப்பிடுவேன். கிலோ கணக்குல போட்டுடுவேன்."

‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை அந்த லோரி தெருவில் வரும். ஒரு காலத்தில் ஒலிபெருக்கி என்றாலே பக்கிரிசாமிக்கு நரம்பு முறுக்கேறும். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டார். கூட்டத்தின் கையில் கொதிக்கும் எண்ணெயில் தோய்ந்த கரண்டி இருந்தது.

அவர் மனத்தாங்கல் வேறு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில். முதலில் படித்தார், பிறகு அவரே எழுதினார். பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் மூன்று வேலைநிறுத்தம் நடத்தினார், இரண்டு முறை லாக்கப்பில் படுத்தார். அவருக்குப் பின்னால் நின்று கைதட்டியவர்கள் மெல்லிய குரலில் பேசக் கற்றுக்கொண்டு டத்தோ பட்டம் வாங்கினார்கள். அவர் தோழராகவே நின்றுவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் முழுவதையும் நானூறு பக்கத்தில் இறக்கி, சொந்தக் காசில் அச்சடித்தார். நாற்பது வருடமாக ஊர் தன்னைக் கேட்கவில்லை. இனி படிக்கவாவது செய்யட்டும் என்பது அவர் ஆசை. படிக்காமலே எடைக்குப் போய்விட்டால், அந்த நாற்பது வருடமும் எடைக்குப் போனது மாதிரி.

லோகேஸ்வரியின் பிரச்சினை நேரானது. வருடாவருடம் அவள் தீபாவளிப் பலகாரம் சுட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கிள்ளானிலிருந்து செராஸ் வரைக்கும் அனுப்புவாள். சிவப்பு மூடி போட்ட டின்களை அடுக்க நடு அறைதான் கிடங்கு. இந்த வருடம் அந்த அறையில் புரட்சி அட்டைப்பெட்டியில் கட்டிக் கிடந்தது. நெய் உருண்டை சோபாவில் உட்கார்ந்திருந்தது.

பிரச்சாரம் தொடங்கியது. பக்கிரிசாமி ஒற்றை விரலால் இருபத்திரண்டு பத்தி தட்டினார். ‘சிந்திக்கும் சமுதாயமே!’ என்று ஆரம்பம். இளமையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் மேலே போட்டார். சிந்திக்கும் சமுதாயம் படத்தைப் பார்த்தது, பத்தியின் நீளத்தைப் பார்த்தது, வரிசையாக எழுதியது: ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘நல்ல மனிதர்.’ ஒருவர் மட்டும் பொறுப்பாக, ‘காரியம் எப்போது?’ என்று கேட்டிருந்தார்.

மறுநாள் நேரலை. கைப்பேசியைச் சம்பல் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, லாக்கப்பில் கழிந்த முதல் இரவைப் பற்றி உருகிப் பேசினார். பார்த்தவர்கள் ஒன்பது பேர். பின்னால் லோகேஸ்வரி தட்டோடு ஒருமுறை நடந்து போனாள். உடனே கேள்விகள் பொங்கின.

‘அக்கா, அது நெய் உருண்டையா?’

‘ஷா ஆலம் டெலிவரி உண்டா லா?’

‘அங்கிள், கொஞ்சம் நகருங்க, அச்சு முறுக்கு தெரியலை.’

நேரலை முடிந்தபோது பலகாரத்துக்கு ஆறு டின் ஆர்டர். புத்தகத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"இந்தச் சமுதாயத்துக்கு வாய் மட்டும்தான் இருக்கு, மூளை இல்லை," என்றார்.

"வாயும் இல்லாமப் போனா என் பொழைப்பு என்னாகறது? அதையாவது விட்டு வைங்க."

"என் பேச்சுல என்ன குறை? அதைச் சொல்லு."

"பேச்சுல குறை இல்லைங்க. எதிர்ல மேனேஜர் இல்லை, அதான். மேனேஜர் இல்லாம பேசினா உங்களுக்கே கொட்டாவி வருது. ரெண்டு தடவை விட்டீங்க, நான் பார்த்தேன்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவி வந்தது.

அந்த வாரக் கடைசியில்தான் எதிரி பிறந்தான். பெயர் ‘உண்மை விளம்பி’. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டுரியான் படம். எழுத்து இப்படி இருந்தது:

‘தீபாவளிக்குப் பக்கிரிசாமி என்றொருவர் கிளம்பியிருக்கிறார். மேடை ஏறினால் மைக் அழும். பேனா எடுத்தால் காகிதம் கதறும். வாயைத் திறந்தால் சிங்கம், வாசலுக்கு வந்தால் சுண்டெலி! தொழிலாளத் தோழனே, ஏமாறாதே! புறக்கணி! புறக்கணி!’

பக்கிரிசாமி தேநீரைக் கீழே வைத்தார். முட்டிவலி போயிற்று. முதுகு நிமிர்ந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். ‘டுரியான் தோலுக்குள் ஒளிந்திருக்கும் கோழையே!’ என்று தொடங்கிய அந்தப் பதிலில் கொட்டாவிக்கு இடமே இல்லை.

மதியத்துக்குள் ஊர் இரண்டானது. ‘கொடுங்க அங்கிள், விடாதீங்க’ என்று ஒரு பக்கம். ‘பேனா எடுத்தால் காகிதம் கதறும், ஹாஹா’ என்று இன்னொரு பக்கம். வாழ்நாளில் ஒரு புத்தகம் வாங்காதவனெல்லாம் காகிதம் கதறுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்று முகவரி அனுப்பினான். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தது. செராஸிலிருந்து வந்தது. ஒரு இளைஞர் மன்றம் கட்டுக் கட்டாகக் கேட்டது.

எதிரி ஓயவில்லை. ‘ஒரு புத்தகம் நாற்பத்தைந்து வெள்ளியா? தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் புதிய முதலாளி!’

முதலாளி! அந்தச் சொல் அவரைக் கொதிக்க வைத்தது. ஐந்தே நிமிடத்தில் அறிவித்தார்: தீபாவளி வரைக்கும் முப்பது வெள்ளி. ‘போராட்ட விலை!’

லோகேஸ்வரி மாவைப் பிசைந்தபடியே கேட்டாள். "ஏங்க, அது தள்ளுபடி இல்லையே?"

"இல்லை. பதிலடி."

"அதானே. நான் தீபாவளி சேலோன்னு பயந்துட்டேன்."

அடுத்து எதிரி இன்னும் கீழே இறங்கினான். ‘தீபாவளிக்கு இந்தப் பக்கிரியை வீட்டுக்குள் விடாதீர்! விருந்தாளி பலகாரத் தட்டைத் தொடாமலே ஓடுவார்!’ பக்கிரிசாமி மேசையைத் தட்டினார். ‘விடுவோம்! ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு புத்தகம் கொடுப்போம்! வீடுதோறும் பக்கிரி!’ என்று அறைகூவினார். அன்பளிப்பாகக் கொடுப்பவர்களுக்குத் தங்க நிற நாடா கட்டித் தரப்படும் என்றும் கடைசியில் சேர்த்தார். நாடா வீட்டில் ஏற்கெனவே இருந்தது. லோகேஸ்வரி சுருள் சுருளாக வாங்கி வைத்திருந்தாள். ஏன் வாங்கினாய் என்று கேட்க அவருக்குப் போராட்டத்தில் நேரமில்லை.

நடு அறையில் சுவர் தெரிய ஆரம்பித்தது.

"ஒண்ணு சொல்றேன் லோகா," என்றார் ஒருநாள், நாடா கட்டிக்கொண்டே. "எதிரியா இருந்தாலும் தமிழ் தெரிஞ்சவன். ‘மைக் அழும்’ங்கறான் பாரு, என்ன வீச்சு! இந்த நாட்டுல இப்படி எழுதறவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான்."

"இன்னொருத்தரு?"

"வேலாயுதம். வேற யாரு?"

வேலாயுதம் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட தோழன். எண்பத்தாறில் வேலைநிறுத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்ச் சங்கத்துக்குப் போனவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இப்போது பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

"அவருக்கு எழுத வருமா?" என்றாள் லோகேஸ்வரி, மிகவும் அக்கறையாக.

"அப்ப வராது. என் நோட்டீசைப் படிச்சுக் கத்துக்கிட்டிருப்பான்."

அன்றே அறிவிப்புப் போட்டார். ‘நேரில் வா, உண்மை விளம்பி! தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தை. ஆண் மகனாக இருந்தால் வா!’ அந்தச் சந்தையில் லோகேஸ்வரி வருடாவருடம் ஒரு கூடாரம் எடுப்பாள். அதன் பாதி இடம் போர்க்களமாக ஒதுக்கப்பட்டது.

"மிச்சம் இருக்கற பெட்டி எல்லாத்தையும் வாடகை வேன்ல ஏத்துங்க," என்றாள் அவள். "சண்டைக்கு வெறுங்கையோட போகக் கூடாது."

சனிக்கிழமை மதியம் கூடாரத்துக்கு முன்னால் நடக்க வழியில்லை. சேலை வாங்க வந்தவர்கள், கோல மாவு வாங்க வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கிரிசாமி பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறினார். மைக் இல்லை. அவருக்கு எப்போது மைக் தேவைப்பட்டது?

"எங்கே அந்த டுரியான்?" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. "வரமாட்டான்! ஏன்? உண்மைக்கு முன்னால் நிற்க முதுகெலும்பு வேண்டும்!" மறுபடியும் கைதட்டல். கீழே லோகேஸ்வரி ஒரு கையால் முறுக்கு டின்னையும் மறு கையால் புத்தகத்தையும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைத்தடியோடு ஒருவர் வந்தார். தலை முழுக்க வழுக்கை. மீசை மட்டும் அதே மீசை.

"யாருடா இங்க கத்தறது? அரை கிலோ ஓமப்பொடி வாங்க விடமாட்டேங்கறீங்க," என்றார் வேலாயுதம்.

"வந்துட்டான்!" என்று பக்கிரிசாமி நாற்காலியிலிருந்து குதித்தார். குதித்ததாக அவர் பின்னால் சொன்னார். பிடித்து இறக்கியது இரண்டு பேர். "உண்மை விளம்பி! ஒத்துக்கடா!"

"என்னத்தடா விளம்பறது? எனக்கு ஃபேஸ்புக்கே கிடையாது லா. இதோ பாரு என் போன்." பட்டன் தேய்ந்த பழைய கைப்பேசியைக் காட்டினார். அதில் எண்ணே சரியாகத் தெரியவில்லை.

"அப்ப இதை எழுதினது யாரு?" பக்கிரிசாமி தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

வேலாயுதம் கண்ணாடி மாட்டிப் படித்தார். இரண்டு வரி படித்துவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். மிச்சத்தைப் பார்க்காமலே சொன்னார்: "‘வாயைத் திறந்தால் சிங்கம், வாசலுக்கு வந்தால் சுண்டெலி. தொழிலாளத் தோழனே, ஏமாறாதே.’"

"எப்படிடா பார்க்காம சொல்றே?"

"ஏன்டா, இது எண்பத்தாறுல நீ என்மேல அடிச்ச நோட்டீசு லா! பச்சைக் காகிதம். என் கல்யாணத்துக்கு முதல் நாளு, என் மாமனார் வீட்டுச் சுவத்துல ஒட்டினியே. மறக்கற நோட்டீசா அது? வேலாயுதம்னு இருந்த இடத்துல பக்கிரிசாமின்னு இருக்கு. மே தினம்னு இருந்த இடத்துல தீபாவளி. மத்தபடி எல்லாம் உன் எழுத்துதான்." கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி இருந்துச்சு, படிக்கும்போது?"

பக்கிரிசாமி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "சுருக்குன்னு இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சரி, ஒரு பொஸ்தகம் கொடு. நாடா வேணாம்."

அப்போதுதான் பக்கிரிசாமிக்கு அந்தப் பச்சைக் காகிதம் நினைவுக்கு வந்தது. சுவர் நினைவுக்கு வந்தது. சுவரடியில் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் புது மனைவி நினைவுக்கு வந்தாள். மெல்லத் திரும்பினார். அவள் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"லோகா."

"என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? ராத்திரி பூரா பசை காய்ச்சினது நானு. ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்க்க மாட்டேனா? நாலு நோட்டீசு இன்னிக்கும் மனப்பாடம்."

"என்னையே... என் எழுத்தாலேயே..."

"நல்ல எழுத்துங்க. சும்மா கிடந்து வீணாப் போவுதேன்னு எடுத்துப் போட்டேன்." மேசையைக் காட்டினாள். வேலாயுதம் கையில் இருந்ததுதான் கடைசிப் பிரதி.

திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் பக்கிரிசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுபாங் ஜெயா தாண்டியதும் பெருமை மெல்லத் தலைதூக்கியது. "ஆக, என் புத்தகத்தை வித்தது என் எழுத்துதான்," என்றார்.

"பின்ன? வேற யாரு எழுத்து?"

ஷா ஆலம் வந்தபோது இரண்டாம் பாகம் எழுதுவதென்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். ஊர் அவரைப் படிக்கவில்லை, சண்டையைத்தான் படித்தது. எதிரி இல்லாமல் இரண்டாம் பாகத்துக்கு மறுபடியும் ஆழ்ந்த இரங்கல்தான் வரும். தொண்டையைச் செருமினார்.

"லோகா. நாளைக்குக் காலையில என்னைத் திட்டி ஒண்ணு போடறியா?"

"உண்மை விளம்பி வேலையை விட்டாச்சுங்க. தீபாவளி ஆர்டர் மலையாக் கிடக்கு. திட்ட நேரம் ஏது?"

"எப்படியாவது நேரம் பண்ண முடியாதா?"

"முறுக்கு பிழிய ஆள் கிடைச்சா முடியும்."

பக்கிரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய களம். வேலை நேரம், தேநீர் இடைவேளை, ஓவர்டைம் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் கோரிக்கை வைத்தார். லோகேஸ்வரி பொறுமையாகக் கேட்டாள். நிர்வாகத்தோடு கலந்து பேசிச் சொல்வதாகச் சொன்னாள்.

"நிர்வாகம் யாரு?"

"நான்தான்."

மறுநாள் காலை உண்மை விளம்பியின் பதிவு வந்தது. அபாரமான பதிவு. ஊரே அவர் பதிலுக்குக் காத்திருந்தது. தோழர் பக்கிரிசாமிக்குத்தான் கை ஒழியவில்லை. இரண்டு கையிலும் மாவு, மூன்றாவது சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஓவர்டைம் நிராகரிக்கப்பட்டிருந்தது.