ரயிலாரின் பாய்ச்சல்

ரயிலாருக்கு முதுகுவலி இல்லை. காலை ஏழு மணியிலிருந்து அதை வரவழைக்கும் முயற்சியில்தான் இருந்தார். கட்டிலில் குப்புறப் படுத்து, "அய்யோ" என்று ஒரு தடவையும் "அம்மா" என்று ஒரு தடவையும் மாற்றி மாற்றி முனகினார். யாரும் வராததால் கொஞ்சம் உரக்க முனகினார்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"பழைய அடிம்மா. ரயில்ல குதிச்சப்போ பட்டது. திடீர்னு கிளம்பிடுச்சு. சினிமாவெல்லாம் இன்னிக்கு வேண்டாம். டிக்கெட்டை யாருக்காவது குடுத்துடு."

"நீங்க குதிச்ச படத்துக்கு நீங்களே வராம எப்படிப்பா? உக்கார முடியலன்னா சொல்லுங்க, கால் நீட்டி உக்கார்ற சோபா சீட்டா மாத்திடறேன்."

மகள் போனைத் தட்டினாள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இருந்த மூன்று இருக்கைகள், ஒரு நிமிஷத்தில் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டன. திரையின் மூக்குக்கு நேர் எதிரே.

"இப்போ இன்னும் நல்லாத் தெரியும்ப்பா. படத்தைக் கழுவித் துடைச்சுப் புதுசா ஆக்கியிருக்காங்களாம். வேர்வைத் துளிகூடத் தெரியுதாம்."

ரயிலாருக்கு நிஜமாகவே எங்கோ வலித்தது.

அவர் ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் இல்லை. கடைவீதி முனையில் சாவி போட்டுக் கொடுக்கும் கடை அவருடையது. தெருவே அவரை ரயிலார் என்று கூப்பிடுவதற்குக் காரணம், முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு படம். வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலத்துக் கதை. மறுநாள் தூக்கில் போடவிருந்த ஏழு பேரை ஓட்டை சரக்கு ரயில் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, எல்லைக்கு அப்பால் தப்பிக்கிறான் ஓர் எஞ்சின் டிரைவர். பின்னால் துப்பாக்கிச் சிப்பாய்கள், முன்னால் எரிகிற பாலம். பாலம் சரியும்போது அவன் கடைசிப் பெட்டியின் கூரையிலிருந்து முன்பெட்டிக்குப் பாய்வான். அந்தப் பாய்ச்சலுக்காகவே படம் ஓடியது.

பாய்ந்தது கதாநாயகன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். பாய்ந்தது யார் என்பதைத்தான் படக் கம்பெனி யாருக்கும் சொல்லவில்லை. செட்டு போட்ட கூரைப் பலகை கனம் தாங்காது. ஸ்டண்ட் ஆட்களோ எல்லாரும் ஆளுக்கு இரண்டு ஆள் கனம். அதனால் கம்பெனிக்குள்ளேயே ஒல்லியான யாரையோ பிடித்து, வேஷம் கட்டிக் குதிக்க வைத்தார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக் கொண்டார்கள்.

ரயிலார் அப்போது அந்தக் கம்பெனிக்கு டீ ஊற்றிக் கொண்டிருந்தார். அன்று சர்க்கரை மூட்டை வாங்கி வர டவுனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது பாலம் கரியாகிக் கிடந்தது; எல்லாரும் கை தட்டி முடித்திருந்தார்கள். கேட்பாரில்லாமல் ஒரு வீரச்செயல் கிடக்கிறதே என்று ரயிலார் யோசித்தார். ஒல்லியாக வேறு இருந்தார். எடுத்துக் கொண்டார்.

முதன்முதலில் அதைச் சொன்னது, உடுப்புக் கூடாரத்தில் பொத்தான் தைத்துக் கொண்டிருந்த பெண்ணிடம். அவள் ஊசியை நிறுத்திவிட்டு, "அப்படியா? பயமா இல்லையா?" என்று கேட்டாள். ரயிலார் அரைமணி நேரம் கை காலை ஆட்டி விவரித்தார். அடுத்த மாதம் கல்யாணம்.

அதுவரைக்கும் சரி. மனைவியிடம் சொன்ன பொய் கல்யாணத்தோடு போயிற்று; தெருவில் சொன்னது பட்டப்பெயரோடு போயிற்று. மகளிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. முதல் நாள் ஏணியில் பாதி தூரம் ஏறிவிட்டு, அழுதுகொண்டே அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "கீழ பாக்காதே. அடுத்த படியை மட்டும் பாரு. நான் அப்படித்தான் குதிச்சேன்" என்றார் அவர். அவள் ஏறிவிட்டாள். இன்றைக்கும் தினம் ஏறுகிறாள். அந்த ஏணி மொத்தமும் தன்னுடைய பொய்யின் மேல்தான் நிற்கிறது என்று ரயிலாருக்குத் தெரியும்.

டிவியில் அந்தப் படம் வந்தபோதெல்லாம் பயமில்லை. தேய்ந்துபோன பிரதி. புகைக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி தாவும். "அந்தப் புள்ளி நான்தான்" என்பார். எந்தப் புள்ளி வந்து இல்லை என்று சொல்லப் போகிறது?

முதுகுவலி பலிக்கவில்லை. தைலம் வாங்குவதாகச் சொல்லிவிட்டு நேரே தியேட்டருக்கு நடந்தார். மேனேஜர் அறையில் மின்விசிறியும் ஊருக்குப் புதிதாக வந்த மேனேஜரும் மட்டும் இருந்தார்கள்.

"தம்பி, அந்தப் பாலத்துக் காட்சியை மட்டும் லேசா வெட்டிட முடியுமா?"

"சார், ஜனங்க அதைப் பாக்கத்தான் வர்றாங்க."

"பாத்தா நெஞ்சு அடைச்சுக்கும் தம்பி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். குதிச்சவனுக்குத்தானே தெரியும் அந்த வேதனை."

முப்பத்து நாலு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களா சார் அது! ஐயோ, என்ன ஒரு பொருத்தம்! இன்னிக்குச் சிறப்பு விருந்தாளி யார் தெரியுமா? அந்தப் படத்தோட ஸ்டண்ட் மாஸ்டர்! எண்பது வயசு. குதிச்சது யாருன்னு இன்னிக்கு மேடையில சொல்லப் போறேன்னு சொல்லியிருக்காரு. நீங்க இந்த ஊர்லயே இருக்கீங்கன்னு தெரிஞ்சா மனுஷன் அப்படியே பூரிச்சுப் போயிடுவாரு!"

ரயிலார் முகத்தில் ஈயாடவில்லை. வரும்போது இருந்த ஆபத்து ஒரு மடங்கு என்றால், போகும்போது மூன்று மடங்காக இருந்தது.

வீட்டில் மனைவி ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக் கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உயரமான வேலை எல்லாம் அவளுடையது. "உயரம் எனக்குச் சலிச்சுப்போச்சு" என்று ரயிலார் எப்போதோ சொல்லித் தப்பித்துக் கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, உனக்குத் தலை கிலை சுத்துதா?"

"இல்லையே."

"கொஞ்சம்கூட?"

"ஏங்க?"

"இல்ல, சுத்தினா வீட்லயே இருந்துடலாமேன்னு பாத்தேன்."

அவள் மேலிருந்து அவரைப் பார்த்தாள். "நான் போகத்தான் போறேன். அந்தப் பாலத்தை ஒரு தடவை பெரிசாப் பாக்கணும்னு எத்தனை வருஷமா ஆசை தெரியுமா? நீங்களும் வர்றீங்க. சட்டையைத் தேச்சு வச்சிருக்கேன்."

பகல் காட்சி இரண்டரை மணிக்கு. தியேட்டர் வாசலில் மேனேஜர் கரும்பலகை வைத்திருந்தார். 'இன்று நேரில்: எரியும் பாலத்தைத் தாண்டியவர்!' மகள் அதன் பக்கத்தில் அப்பாவை நிற்க வைத்துப் படம் எடுத்து, துறைமுகத்துக்கு அனுப்பினாள். விளக்கு அணைவதற்குள் கிரேன்காரர்கள் ஒன்பது பேர், வேலை முடிந்த கையோடு தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ரயிலாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒன்பதாவது ஆள் குலுக்கி முடித்ததும் ரயிலார் வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்தார்.

படம் ஓடியது. மகள் நடுவில், ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் அம்மா. மகள் சொன்னது வாஸ்தவம்தான். சிப்பாய்களின் பொத்தானை எண்ணலாம் போலிருந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தது. ரயிலாரும் பிடித்துக் கொண்டிருந்தார், வேறு காரணத்துக்கு.

பாலம் தீப்பிடித்தது. இனி ஒரே வழிதான் என்று ரயிலார் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துத் திரையை மறைத்தார்.

"உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கிரேன்காரர்களுக்கு விஷயம் வேறு மாதிரி புரிந்தது. பெரியவர் தன் பாய்ச்சலுக்குத் தானே எழுந்து மரியாதை செய்கிறார் என்று நினைத்து, ஒன்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களைப் பார்த்து மூன்றாம் வரிசை எழுந்தது, நாலாம் வரிசை எழுந்தது. தியேட்டரே எழுந்துவிட்டது. ஒருவர் தலை மறைத்து ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காரியம் ஜெயம் என்று ரயிலார் திரும்பிப் பார்த்தார்.

மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவரது கைக்கு அடியில் குனிந்து, கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவர் காதோரம் வந்தாள்.

"அப்பா. அது நீங்க இல்ல."

"அப்போ ஒல்லியா இருந்தேன்மா."

"காது? உங்க காதுல பாதிகூட இல்லையே."

ரயிலார் எதையாவது சொல்லிப் பூசி மெழுகத்தான் வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான் டீ ஊத்தினவன்மா. அன்னிக்கு சர்க்கரை வாங்கப் போயிட்டேன்."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அப்போ அன்னிக்கு ஏணியில... கீழ பாக்காதே, அடுத்த படியை மட்டும் பாருன்னு சொன்னீங்களே?"

"அது உங்கம்மா பல்பு மாத்தும்போது சொல்றது. எனக்கு வேற என்ன தெரியும்?" ரயிலார் குரலைத் தாழ்த்தினார். "நீ பாதியில நின்னு அழுதே. என்கிட்ட இருந்தது அந்தப் பொய் ஒண்ணுதான். குடுத்துட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ என்னைக் கட்டிக்கிட்டதே அதுக்காகத்தான்மா. தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கன்னத்தில் கை வைத்து, சரிகிற பாலத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்தன. மேடையில் நாலு நாற்காலி. ஸ்டண்ட் மாஸ்டர் கைத்தடியோடு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் மைக்கில் முழங்கினார். "நம்ம ஊர் வீரர், எரியும் பாலத்தைத் தாண்டிய ரயிலார் அவர்களே, மேடைக்கு வாங்க!"

ரயிலார் எழுந்தார். மகள் அவரது சட்டையை ஒருமுறை பிடித்து இழுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். மூன்றே படி அந்த மேடைக்கு. அவருக்கு அது பத்து மாடியாக இருந்தது. கீழே பார்க்காமல் அடுத்த படியை மட்டும் பார்த்து ஏறினார். மாஸ்டர் வாயால் மானம் போவதைவிடத் தன் வாயாலேயே போகட்டும் என்று மைக்கைப் பிடுங்கிக் கொண்டார்.

"நான் குதிக்கலீங்க" என்றார். "அப்போ நான் டீ ஊத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே மயக்கம் வரும். இத்தனை வருஷம் ஊரை ஏமாத்திட்டேன். வீட்டையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

கிரேன்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டார்கள். ரயிலார் இரண்டாம் வரிசையைப் பார்த்தார். மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. முப்பத்து நாலு வருஷத்துக் குடித்தனம் இந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று என்று நினைத்தார்.

ஸ்டண்ட் மாஸ்டர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரது பார்வை வேறெங்கோ போயிருந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். மேனேஜர் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, படியிறங்கி, நேரே இரண்டாம் வரிசைக்குப் போய், ரயிலாரின் மனைவிக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். அவள் கையை எடுத்தாள். அழவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"எங்கேம்மா போயிட்டே இத்தனை வருஷமா?" என்றார் மாஸ்டர். "எரியற பாலத்துல குதின்னு சொன்னப்போ சிரிச்சே, ஒட்டு மீசை அரிக்குதுன்னுதானே அன்னிக்கு அந்த அழுகை அழுதே!"