மலக்கி இறங்கிவிட்டார்

குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, மேல்மாடி ஜன்னல் வழியே பைனாகுலரால் பக்கத்து நிலத்தை மேய்ந்துகொண்டிருந்தான் லோர்கன்.

“இறங்கிட்டாரா உன் சாமி?” என்று கீழிருந்து கத்தினாள் மனைவி டெர்வ்லா.

“இன்னும் இல்ல. ஷெட் கதவு மட்டும் திறந்திருக்கு.”

“அவர் இறங்கறதுக்குள்ள நம்ம மாடுங்க ஷெட்டையே தின்னு முடிச்சிடும்.”

அவள் சொன்னதில் மிகை அதிகமில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்று தின்ற மாடுகள், பச்சைப் புல்லை மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப் புல் குழியின் அடிவரை வந்துவிட்டன. மேய்ச்சல் நிலம் சீக்கிரம் பச்சை பிடிக்காவிட்டால் ரோஷீனையும் பெக்கையும் சந்தைக்கு ஏற்றுவது என்று டெர்வ்லா முடிவு கட்டியிருந்தாள். இரண்டும் லோர்கன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்றுகள். அந்தப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

யூரியா போட்டால் புல் வரும். எப்போது போடுவது என்பதுதான் தலைவலி. அயர்லாந்தின் லீட்ரிமில் மழை பெய்தால் யாரும் பேசமாட்டார்கள், நின்றால்தான் செய்தி. முந்திக்கொண்டு போட்டால் அடுத்த மழை உரத்தை அப்படியே ஓடையில் சேர்த்துவிடும். பிந்திவிட்டாலோ மாடு பட்டினி. வானொலி ஒன்று சொல்லும், விவசாய அதிகாரி வேறொன்று சொல்வார். அந்த வட்டாரம் இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பக்கத்து நிலத்து மலக்கியின் டிராக்டர் எப்போது வெளியே வருகிறதென்று பார்க்கும். ஏனென்றால் முதலில் பச்சை பிடிப்பது வருஷம் தவறாமல் மலக்கியின் நிலம்தான். சில நாள் கழித்து அவர் மறுபடியும் ஒருமுறை இறங்குவார். “பிரிச்சுப் பிரிச்சுப் போடறார் பாரு, அதான் கை நயம்” என்பான் லோர்கன்.

அன்று வெயில் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று அடித்தது. மலக்கியின் டிராக்டர், பின்னால் உரம் தூவும் தொட்டியை மாட்டிக்கொண்டு, ஈர நிலத்தில் வாத்துப்போல் மிதந்து போயிற்று.

“இறங்கிட்டாரு!” லோர்கன் குளியல் தொட்டிக்குள்ளேயே குதித்தான். நல்லவேளை, தண்ணீர் இல்லை.

கொட்டகையில் தன் உரத் தொட்டி நிறைய யூரியாவைக் கொட்டி, அதற்குமேல் கோபுரமாகவும் குவித்தான். டெர்வ்லா நிலத்தில் போய்க் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

“பாத்தியா? மீன் வளக்கலாம்.”

“மலக்கி நிலமும் இதே களிமண்தானே? அவருக்குத் தெரியாததா உன் குதிகாலுக்குத் தெரியும்?”

“என் குதிகால் இந்த நிலத்துல நிக்குது. அவர் அந்த நிலத்துல நிக்கறார்.”

லோர்கன் டிராக்டரைக் கிளப்பினான். வேலி ஓரமாகப் பாதி தூரம் ராஜாவாகப் போயிற்று. பிறகு பின்சக்கரம் பெருமூச்சு விட்டு, மெதுவாக உள்ளே இறங்கிற்று. வேகத்தைக் கூட்டினான். இன்னும் இறங்கிற்று.

சக்கரத்துக்கு அடியில் எதையாவது போட்டால் பிடிப்பு கிடைக்கும் என்று வீட்டுக்கு ஓடினான். கைக்கு அகப்பட்டது முன்னறைக் கம்பளம். சக்கரம் அதை முழுசாக விழுங்கிவிட்டு, ஏப்பம் விடுவதுபோல் அவன் மேல் சேற்றைத் துப்பிற்று.

“அது எங்கம்மா குடுத்த கம்பளம்!”

“வெளிய வந்திடும், வெளிய வந்திடும்.”

“எது? டிராக்டரா, எங்கம்மாவா?”

வேறு வழியில்லாமல் டெர்வ்லாவின் தம்பி டோனலுக்குப் போன் செய்தான். பளபளவென்று புது டிராக்டரோடு வந்த டோனல், கேட்டிலேயே நின்று வயிறு குலுங்கச் சிரித்தான்.

“மாமா, உழவா, நீச்சலா?”

“வாயை மூடிட்டுக் கயித்தைக் கட்டுடா.”

“என் வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்கும். சும்மா வெண்ணெய் மாதிரி வரும் பாருங்க.”

வெண்ணெய் மாதிரிதான் போயிற்று. கால் மணி நேரத்தில் புது டிராக்டர், பழைய டிராக்டருக்குப் பக்கத்தில், அதே உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. சிரிப்பு நின்றுபோன டோனல், “பாரத்தைக் குறைச்சா உங்களுது ஏறிடும்” என்று சொல்லி, என்ன ஏதென்று கேட்காமல் தொட்டியின் அடிக்கதவைத் திறந்துவிட்டான். முழு யூரியாவும் வெள்ளைக் குன்றாக ஒரே இடத்தில் சரிந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மழை தூறியது.

“ஐயோ, ஓடைக்குப் போயிடும்! அள்ளுங்க!” என்று லோர்கன் அலறினான். டெர்வ்லா வாளியோடு ஓடிவந்தாள். டோனல் தன் புதுக் கோட்டைக் கழற்றிக் குன்றின் மேல் போர்த்தினான். மூவரும் பிணத்தைச் சுற்றி நிற்பதுபோல் அதைச் சுற்றிக் குனிந்து அள்ளினார்கள். பாதி தேறியது. மீதி, சேறோடு சேறாகக் கரைந்தது.

லோர்கன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். “போச்சு. உரமும் போச்சு, புல்லும் போச்சு. ரோஷீனும் பெக்கும் லாரி ஏறவேண்டியதுதான்.”

டெர்வ்லா வாளியைக் கீழே வைத்தாள். “மலக்கியைக் கூப்பிடு” என்றாள்.

“மானம் போயிடும்.”

“அது கம்பளத்துக்கு அடியில இருக்கு. கூப்பிடு.”

அவன் போனை எடுப்பதற்குள் சாலையில் மலக்கியின் டிராக்டர் வந்து நின்றது. இரும்புக் கயிறு, பலகைகள், இழுவை உருளை எல்லாம் ஏற்றித் தயாராக வந்திருந்தார். பின்னாலேயே காரில் அவர் மனைவி ஊனா, தேநீர் பிளாஸ்க்கும் வெண்ணெய் தடவிய ரொட்டியுமாக.

மலக்கிக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கெட்டியான சாலையில் தன் வண்டியை நிறுத்திக்கொண்டு, முதலில் டோனலுடையதை, பிறகு லோர்கனுடையதை, பல் பிடுங்குகிற மாதிரி வெளியே இழுத்தார். கம்பளம்கூட வந்தது, இரண்டு துண்டாக.

“தீவனம் எப்படி இருக்கு?” என்றார்.

டெர்வ்லா உள்ளதைச் சொன்னாள்.

“மாட்டை விக்கிற வேலையெல்லாம் வேணாம். என் குழியில ஊறுகாய்ப் புல் நெறைய கெடக்கு. நாளைக்கு வண்டி கொண்டா, புல் வர்ற வரைக்கும் எடுத்துக்க.” சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

ஊனா நீட்டிய தேநீர்க் கோப்பையை லோர்கன் சேற்றுக் கைகளால் வாங்கிக்கொண்டான்.

“அவர் தெய்வம்மா. இப்படி ஒரு தர்மத்தை எந்த ஜென்மத்துல நான் திருப்பித் தரப்போறேன்?”

“தர்மமாவது!” ஊனா ரொட்டியை அவன் கையில் திணித்தாள். “வருஷா வருஷம் வெறும் தொட்டியை மாட்டிக்கிட்டு நிலத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்திடுவாரு, அப்புறம் நீ இறங்கி முங்கறியா மிதக்கறியான்னு பாத்துட்டுத்தான் நாங்க நிஜமா உரம் போடறது, அதுக்கு இத்தனை வருஷக் கூலின்னு இந்தப் புல்லை வெச்சுக்கப்பா.”