பனியன் போட்ட கெளுத்தி

திருப்பூரில் பனியன் துணி வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒரு கெளுத்தி மீனோடு மாதக் கணக்கில் வம்பு வளர்த்தவர் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஞாயிறு வந்தால் என் மொபெட்டின் பின்னால் ஏறிப் பொங்கலூருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் இருந்தது அந்த மீன். யாரோ விட்ட குஞ்சுகளில் ஒன்று, மற்றவற்றையெல்லாம் தின்றுவிட்டு ஆள் தொடைப் பருமனுக்கு வளர்ந்திருந்தது.

கிணற்றில் தின்ன ஒன்றும் மிஞ்சாமல் போனதும் புறா வேட்டைக்கு மாறியது. தோட்டத்துக்காரர் ஆசையாக வளர்த்த புறாக்கள் தண்ணீர் குடிக்கக் கடைசிப் படிக்கு இறங்கும். படிக்கடியில் மீசையை நீட்டியபடி மீன் கிடக்கும். அலகு பட்டுத் தண்ணீர் அதிர்ந்த மறுகணம் பாதி உடம்பைப் படியில் எறிந்து, புறாவைக் கவ்வி, பின்பக்கமாகவே சறுக்கி மறைந்துவிடும்.

"கண்ணால பாக்கல வே, மீசையால பாக்குது. நம்ம செக்கிங்ல இப்படி ஒரு ஆளு இருந்தா ஒரு பீஸ் ரிட்டர்ன் வராது" என்பார் மாஸ்டர்.

போட்ட தூண்டில் நரம்பையெல்லாம் மீன் அறுத்தது. மாஸ்டர் கம்பெனியிலிருந்து ஜட்டி எலாஸ்டிக் கொண்டுவந்தார். இழுத்தால் நீளும், அறாது என்பது அவர் கணக்கு. மீன் கோழிக்குடலைக் கவ்வியது. எதிர்ச் சுவர்வரை நிதானமாக இழுத்துப் போனது. அப்புறம் வாயைத் திறந்தது. குடல் பறந்து வந்து தோட்டத்துக்காரரின் வெள்ளைச் சட்டையில் கொக்கியோடு மாட்டியது.

"ஏனுங்க மாஸ்டர், புடிக்க வந்தது மீனையா, என்னையவா?" என்றார் அவர். "வர்ற ஞாயித்துக்கெழம மோட்டாரப் போட்டுத் தண்ணிய எறைச்சுப் போடறனுங்க. மத்தியானம் கொழம்புதானுங்க."

மாஸ்டர் முகம் வாடிவிட்டது. "அண்ணாச்சி, இவ்வளவு மூளைய கொழம்புல போடாதீங்க. நீங்க மோட்டாரப் போடுததுக்கு முன்னால உசுரோட தூக்கிட்டுப் போயிருதேன்."

"எங்கீங்க கொண்டு போயி உடுவீங்க?"

"பாறைக்குழி கெடக்குல்லா." கைவிட்ட குவாரியில் தேங்கிய தண்ணீரைச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவர் துணி வெட்டியது கையால் மட்டும்தான். மனசெல்லாம் கிணற்றில். பாயும் இடம் மாறினாலும் மீன் பின்வாங்கும் வழி மாறாது என்று கடைசியில் கண்டுபிடித்தார். பின்னல் மெஷினிலிருந்து குழாயாகவே இறங்கும் பனியன் துணியில் ஒரு நீளம் வெட்டி, ஒரு முனையைத் தைத்து மூடினார்.

ஞாயிறு காலை, கட்டிங் வேஸ்ட் துணிச் சுருளில் புறா இறகுகளைச் செருகி, குச்சியில் கட்டித் தண்ணீரைத் தட்டினார். மீன் படியில் பாய்ந்தது. துணியின் வாயை அதன் வாலுக்குப் பின்னால் விரித்தோம். சறுக்கிய மீன் கழுத்துவரை பனியனுக்குள் போய்விட்டது. மீசை மட்டும் வெளியே.

"அளவு கரெக்டா இருக்கு வே."

மோட்டார் சுவிட்சிலிருந்து கையை எடுத்த தோட்டத்துக்காரர், "மாப்ளைய பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மொபெட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஈரத் துணியோடு உட்கார்ந்து வந்தது மாப்பிள்ளை. பாறைக்குழியில் பனியனை உருவியதும் திரும்பிப் பாராமல் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு என் அறை வாசலில் மறுபடி அவர்.

"பாறைக்குழியில அதுக்குப் பழகுனவுக யாரும் இல்லல்லா வே. ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்."

நான் வண்டியை எடுத்தேன்.