பெரிய வாரத்தில் திறந்த பிரவுசர்

விபூதிப் புதன்கிழமை நான் உலகத்தைத் துறந்தேன். உலகம் என்றால் முந்நூற்றிநாலு. அதாவது காட்ஸ், சீட்டாட்டம். மீன்பிடிச் சங்கத்தில் களஞ்சியம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவனுக்குப் பேசாலையில் அதைவிடப் பெரிய உலகம் கிடையாது.

துறவு சும்மா நடக்கவில்லை. அன்பியக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் நடந்தது. எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள் சேர்ந்து செபிக்கிற கூட்டம் அது. அதற்கு நான்தான் தலைவர். அன்று தொடங்கிய தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒன்றை விடவேண்டும் என்று பேச்சு வந்தது. ஒருவர் சீனியை விட்டார். ஒருவர் சுருட்டைப் பாதியாக விட்டார். நான் எழும்பினேன்.

“இந்தத் தபசு காலம் முடியுமட்டும் நான் காட்ஸைத் தொடமாட்டன்!”

கூட்டம் அசந்துபோனது. கலியாணத்துக்கு முந்தியிருந்தே வெற்றிலை போடுகிற மதலேனா அக்கா, என் பேச்சில் உருகி, வாயில் இருந்ததை யன்னலால் துப்பிவிட்டு, “நானும் விட்டன் தம்பி” என்றாள். கண்ணில் நீர். என் மனைவி மெற்றில்டா மட்டும் வாய் திறக்கவில்லை. பாவம், விடுவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது என்று இரக்கப்பட்டேன்.

முதல் கிழமை முடியமுன்னம் பரிஸிலிருந்து லம்பேட் போன் எடுத்தான். என்னோடு படித்தவன். ஆட்டத்தில் என் கூட்டாளி. பரிஸ், ரொறன்ரோ, பேசாலை எல்லாம் சேர்ந்து இணையத்தில் முந்நூற்றிநாலுப் போட்டி ஒன்று வைக்கிறார்களாம்.

“டேய், இது தபசு காலமடா.”

“இஞ்சயும் தபசு காலம்தான். ஆனா குளிர்.”

யோசித்தேன். காட்ஸைத் தொடமாட்டேன் என்றுதானே சொன்னேன்? கணினியில் காட்ஸைத் தொடத் தேவையில்லை. மவுஸைத் தொட்டால் போதும். மனச்சாட்சி உடனே சம்மதித்துவிட்டது. என் மனச்சாட்சி எப்போதும் என்னோடு ஒத்துழைக்கும்.

மெற்றில்டாவிடம் வேறு கதை சொன்னேன். “பின்னேரத்தில வெளிநாட்டுக் கோயில் ஒண்டின்ர சிலுவைப்பாதை கம்பியூட்டரில போகுது. கதவைச் சாத்திப்போட்டுப் பார்க்கவேணும். மனம் ஒருமைப்படவேணும்.”

“நல்ல விசயம். வடிவாச் செபியுங்கோ.”

ஒருநாள் தேத்தண்ணியோடு வந்தவள் கதவடியில் நின்று கேட்டாள்.

“இஞ்சருங்கோ, ‘துரும்பைத் திற’ எண்டு ஒரு சத்தம் கேட்டுது. அது சிலுவைப்பாதையில எத்தினையாம் ஸ்தலம்?”

கவிழ்த்து வைத்த துரும்புச் சீட்டைத் திறக்கச் சொல்லி லம்பேட் கத்தியது வெளியே கேட்டிருக்கிறது. “அது... வேற மொழிபெயர்ப்பு.”

“ஓ. வடிவாயிருக்கு.”

அவ்வளவுதான். ஏச்சு இல்லை. கதிரையில் ஈரத்துவாயைப் போட்டால் கீரிக் கடற்கரை வரைக்கும் கேட்க ஏசுகிறவள் மெற்றில்டா. இந்தத் தவக்காலத்தில் துவாய்க்கும் ஏச்சு இல்லை. தேங்காய் வாங்க மறந்துபோய் வந்தேன். சிரித்தாள். மின்கட்டணத்தைக் கட்டாமல் வந்தேன். அதற்கும் சிரித்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் என் புத்திக்கூர்மை கடைசியாக வென்றுவிட்டது என்று முடிவுசெய்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு இறுதிப்போட்டி. நானும் லம்பேட்டும் ஒரு பக்கம். ரொறன்ரோக்காரர் மறுபக்கம். பின்னேரத்தேத்தண்ணி முடிந்த கையோடு கணினி முன் உட்கார்ந்து பிரவுசரை அமத்தினேன்.

திறக்கவில்லை.

திரும்ப அமத்தினேன். தண்ணீருக்கு மேல் மீன் துள்ளியதுபோல ஒரு மினுக்கம். பிறகு ஒன்றுமில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினேன். மூடியை மூடித் திறந்தேன். மவுஸைச் சாரத்தில் துடைத்தேன். ஊதினேன். கணினி மேசையில் தூசு பறந்ததே தவிரப் பிரவுசர் அசையவில்லை. மாதாவே, இதை மட்டும் திறந்து தா என்று மனமுருகி மன்றாடினேன். அந்தத் தவக்காலத்தில் நான் உண்மையாகச் செபித்தது அப்போதுதான்.

மெற்றில்டா உள்ளே வந்தாள். “என்னப்பா, திறக்குதில்லையோ?”

“இல்லை.”

“ஐயோ, அப்ப சிலுவைப்பாதை? நான் அன்பியம் முழுக்கச் சொல்லிப்போட்டனே!”

“என்னத்தைச் சொன்னனீ?”

“நீங்கள் இவ்வளவு பக்தியாப் பார்க்கிறதை எல்லாருமாப் பார்ப்பம் எண்டு. ஆறு மணிக்கு வருகினம். ரீவியோட தொடுத்துவிட்டால் பெரிசாத் தெரியும்தானே?”

அந்த நிமிடம் வரைக்கும் திறக்கவேண்டும் என்று மன்றாடியவன், அந்த நிமிடத்திலிருந்து திறக்கக்கூடாது என்று மன்றாடினேன். மாதாவுக்கே குழம்பியிருக்கும்.

“மெற்றில்டா, மெஷின் செத்துப்போச்சு. ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்லு.”

“சாகேல்லை. சுபாஸ்கரனுக்கு அடிச்சனான். இந்தா, லைனில நிக்கிறார்.”

சுபாஸ்கரன் மன்னார் ரவுணில் கணினி திருத்துகிறவர். நல்ல மனுசன். அன்றைக்கு மட்டும் அவருக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். மெற்றில்டா போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கணினியை ரீவியோடு தொடுத்தாள். அதற்குள் வாசலில் செருப்புகள் சேர்ந்தன. அன்பியம் உள்ளே வந்து கதிரைகளில் இருந்தது. முன்வரிசையில் மதலேனா அக்கா, செபமாலையோடு. வெற்றிலை இல்லாத வாய் வெளிறிப்போயிருந்தது.

“அங்கிள், ரீஸ்ராட் பண்ணினீங்களோ?” என்று போனில் கேட்டார் சுபாஸ்கரன்.

“எத்தினையோ தரம்.”

“எப்பிடிப் பண்ணினீங்கள்?”

“மூடியை மூடித் திறந்தனான்.”



“அது ரீஸ்ராட் இல்லை அங்கிள். அது நித்திரை. உங்கட பிரவுசர் உள்ளுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கு. வெளியில முகத்தைக் காட்டுதில்லை. அதுதான் பிரச்சினை.”

“விளங்குது தம்பி,” என்றாள் மெற்றில்டா. “எங்கட வீட்டிலயும் அப்பிடி ஓராள் இருக்கிறார்.”

“கண்ட்ரோல், ஓல்ற், டிலீற் மூண்டையும் ஒண்டா அமத்துங்கோ.”

இரண்டை அமத்தினேன். “அமத்தினன் தம்பி. ஒண்டும் நடக்குதில்லை. பெரிய பழுதுதான்.”

மூன்றாவதில் மெற்றில்டாவின் விரல் வந்து இருந்தது.

“இப்ப ஏதோ வருகுது தம்பி,” என்றாள்.

“அதில பிரவுசரின்ர பேரைப் பிடிச்சு நிப்பாட்டுங்கோ. பிறகு புதுசாத் திறவுங்கோ. கடைசியாப் பார்த்த பக்கத்தைத் திரும்பத் திறக்கவோ எண்டு கேட்கும். ஓம் எண்டு குடுங்கோ.”

“இல்லை எண்டு குடுத்தால்?” என்று கேட்டேன்.

“குடுக்கலாம். ஆனா ஏன் அங்கிள்?”

“ஏன்?” என்றாள் மெற்றில்டா.

“ஏன் தம்பி?” என்றாள் மதலேனா அக்கா. “சிலுவைப்பாதை பிறகு ஓடிப்போயிடுமெல்லே?”

அன்பியம் முழுக்க என்னைப் பார்த்தது. மெற்றில்டா என் கையிலிருந்த மவுஸை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாக வாங்கினாள். ஓம் கொடுத்தாள்.

ரீவி நிறையப் பச்சைமேசை விரிந்தது. அதன்மேல் காட்ஸ். கீழே பெரிய எழுத்தில் என் பட்டப்பெயர்: பேசாலைப் புயல். அதற்குப் பிறகு லம்பேட்டின் குரல், பரிஸிலிருந்து, வீடு அதிர:

“டேய் சிங்கராசா! எங்கயடா போய்த் துலைஞ்சனீ? பைனல் துடங்கப்போகுது! நேற்று அடிச்ச மாதிரி அடியடா! விபூதிப் புதன் முடிஞ்ச கையோட துடங்கினனாங்கள், ஒருநாளாவது தோத்தனாங்களோடா?”

யாரோ சிலுவை போட்டார்கள். யாரோ இருமினார்கள். சுருட்டைப் பாதியாக விட்டவர் மீதிப் பாதியைத் தேடிச் சேட்டுப்பையைத் தடவினார். மதலேனா அக்கா செபமாலையை மடித்து வைத்தாள்.

“மெற்றில்டா, பிள்ளை,” என்றாள். “வீட்டில வெற்றிலை கிடக்கோ?”

பேசாலைப் புயல் அன்று கரை கடக்கவில்லை. லம்பேட் கத்திக் கத்திக் களைத்துப் போனான். மெற்றில்டா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து, வாசல்மட்டும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அடுத்த கிழமை அன்பியத்துக்குப் புதுத் தலைவர் தெரிவாம். போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவள் எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சீனி சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“நீ ஏசேல்லையே,” என்றேன்.

“ஏன் ஏச? விபூதிப் புதனண்டு எல்லாரும் ஒவ்வொண்டை விட்டியள். நானும் மனசுக்குள்ள ஒண்டை விட்டனான். தபசு முடியுமட்டும் உங்களை ஒரு சொல் ஏசுறேல்லை எண்டு.”

துவாய், தேங்காய், மின்கட்டணம், துரும்பு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. வென்றது என் புத்திக்கூர்மை இல்லை.

“அப்ப சனத்தைக் கூப்பிட்டது?”

“ஏசமாட்டன் எண்டுதான் நேர்ந்தனான். சனத்தைக் கூப்பிடமாட்டன் எண்டு நேரேல்லையே.”

வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனவள், வாசலில் நின்று, அதே புனிதச் சிரிப்போடு திரும்பினாள்.

“உயிர்த்த ஞாயிறு பூசை முடிய அங்க இங்க கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. நேர வீட்டுக்கு வாங்கோ. எனக்குத் தபசு முடிஞ்சிடும்.”